மைஎஸ்கியூஎல் நிறுவியாகிவிட்டது, சர்வர் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரையோ, அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியையோ நிறுவி முடித்த கையோடு "ஜாப் ஃபார் மைஎஸ்கியூஎல்.சர்வீஸ் ஃபெயில்ட்" என்று ஒரு வரி வந்து நிற்கும். விண்டோஸ் என்றால் இன்ஸ்டாலரின் கடைசிப் படியில், "ஸ்டார்ட்டிங் தி சர்வர்" என்ற இடத்தில் சிவப்புக் குறி விழும். உடனே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் நம்மில் பலரின் வழக்கம். அது ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பது கீழே வருகிறது. காரணம் எதுவாக இருந்தாலும் சர்வர் அதை எங்கோ எழுதி வைத்துவிட்டுத்தான் நிற்கிறது. அதைத் தேடிப் படிப்பதுதான் பாதி வேலை.

கட்டளைகளும் பிழைச் செய்திகளும் இங்கே உச்சரிப்பாகத் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

சர்வர் உண்மையிலேயே ஓடவில்லையா, இல்லை என்னைத்தான் உள்ளே விடவில்லையா?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று நினைத்து நோண்டிக் கெடுத்தவர்கள் நிறைய.

பிழை எண்ணைப் பாருங்கள். 1045 வந்தால் சர்வர் ஓடுகிறது. "ஆக்சஸ் டினைட்" என்று மறுப்பதே சர்வர்தான். பாஸ்வேர்டு தவறு, அவ்வளவுதான். உபுண்டுவில் ரூட் பயனருக்கு 1698 வருவதும் இதே கதைதான். அங்கே ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைப்பதில்லை. லினக்ஸ் பயனர் யார் என்று பார்த்து விடும் ஏற்பாடு. "சூடோ மைஎஸ்கியூஎல்" என்று அடித்தால் நேராக உள்ளே போய்விடலாம். ரெட்ஹாட் வகையில் ஆரக்கிளின் பேக்கேஜை நிறுவியிருந்தால் ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு /வார்/லாக்/மைஎஸ்கியூஎல்டி.லாக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். "டெம்பரரி பாஸ்வேர்டு" என்று அதில் கிரெப் கட்டளையால் தேடிப் பாருங்கள்.

2002 அல்லது 2003 வந்தால்தான் சந்தேகம் நியாயமானது. 2002 என்றால் சாக்கெட் கோப்பு (ஒரே கணினிக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ள உதவும் சிறப்புக் கோப்பு) வழியாக எட்ட முடியவில்லை. 2003 என்றால் நெட்வொர்க் போர்ட் வழியாக எட்ட முடியவில்லை. லினக்ஸில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்தால் கிளையன்ட் (சர்வரோடு பேச நீங்கள் ஓட்டும் புரோகிராம்) சாக்கெட்டைத் தேடும், 127.0.0.1 என்று கொடுத்தால் போர்ட்டைத் தேடும். ஆகவே முதலாவது தோற்று இரண்டாவது வேலை செய்தால் சர்வர் ஓடுகிறது என்றே பொருள். கிளையன்ட்டும் சர்வரும் வேறு வேறு சாக்கெட் பாதையை நினைத்துக்கொண்டிருக்கின்றன.

"யூனிட் மைஎஸ்கியூஎல்டி.சர்வீஸ் குட் நாட் பி ஃபவுண்ட்" என்கிறதே, இன்ஸ்டாலே ஆகவில்லையா?

சர்வீஸின் பெயர் மாறியிருக்கலாம். உபுண்டுவில் அது "மைஎஸ்கியூஎல்", ரெட்ஹாட் வகையில் "மைஎஸ்கியூஎல்டி", மரியாடிபியில் "மரியாடிபி". டெபியன் 9-இலிருந்து அங்கே இயல்பாகக் கிடைப்பது மரியாடிபிதான். மைஎஸ்கியூஎல் என்று நினைத்து நிறுவியவர் மரியாடிபியை வைத்துக்கொண்டு மைஎஸ்கியூஎல் கட்டுரைகளைப் பார்த்துக் குழம்புவது அங்கே சகஜம். "மைஎஸ்கியூஎல்டி --வெர்ஷன்" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்; மைஎஸ்கியூஎல்டி என்பது சர்வர் புரோகிராமின் பெயர்.

லாக் எங்கே இருக்கிறது? அதில் எந்த வரியைப் பார்ப்பது?

உபுண்டுவில் /வார்/லாக்/மைஎஸ்கியூஎல்/எரர்.லாக். ரெட்ஹாட் வகையில் மேலே சொன்ன மைஎஸ்கியூஎல்டி.லாக். டெபியன் வழி மரியாடிபி பெரும்பாலும் சிஸ்டம்டியின் (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் புரோகிராம்) பொதுப் பதிவான ஜர்னலிலேயே எழுதும்; "ஜர்னல்சிடிஎல் -யு மரியாடிபி" என்று பாருங்கள். விண்டோஸில் சி டிரைவில் புரோகிராம்டேட்டா, அதற்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் சர்வர் 8.0, டேட்டா என்று போனால் உங்கள் கணினியின் பெயரில் ".எர்" என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். புரோகிராம்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் நேராகத் தட்டச்சு செய்தால் திறக்கும்.

எந்த வரி என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். லாக்கின் கடைசியில் இருப்பதைக் காப்பி செய்து தேடுவார்கள். ஒரு நிஜ லாக் இப்படி இருக்கும்:

மை-012574: "அனேபிள் டு லாக் ./ஐபிடேட்டா1 எரர்: 11"
மை-010334: "ஃபெயில்ட் டு இனிஷியலைஸ் டிடி ஸ்டோரேஜ் என்ஜின்"
மை-010020: "டேட்டா டிக்ஷனரி இனிஷியலைசேஷன் ஃபெயில்ட்"
மை-010119: "அபார்ட்டிங்"

கடைசி மூன்று வரிகளும் விளைவுகள். "டேட்டா டிக்ஷனரி ஃபெயில்ட்" என்பதைத் தேடினால், டேட்டாபேஸ் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பியுங்கள் என்ற ரகத்தில் அறிவுரை கிடைக்கும். முதல் வரியைப் பார்த்தால் விஷயம் வேறு: இன்னொரு மைஎஸ்கியூஎல்டி ஏற்கெனவே ஓடுகிறது, அதே கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. "பிஎஸ்" கட்டளையால் அதைக் கண்டுபிடித்து முறையாக நிறுத்தினால் தீர்ந்தது. ஆகவே கடைசி முயற்சி எந்த நேரத்தில் தொடங்கியது என்று பார்த்து, அங்கிருந்து கீழே வரும்போது முதலில் தட்டுப்படும் "எரர்" வரியை எடுங்கள்.

லாக் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். லாக் எழுதும் கட்டத்துக்கே சர்வர் வரவில்லை. அப்போது ஜர்னலைப் பாருங்கள், விண்டோஸில் ஈவென்ட் வியூவரைப் பாருங்கள்.

செய்தியின் ஓரத்தில் 2, 13, 28 என்று ஏதோ எண் வருகிறதே?

அது ஆப்பரேட்டிங் சிஸ்டம் கொடுத்த காரணம். லினக்ஸில் 2 என்றால் அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை. 11 என்றால் வேறொருவர் பூட்டி வைத்திருக்கிறார். 12 என்றால் மெமரி இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 28 என்றால் டிஸ்க்கில் இடம் இல்லை. 98 என்றால் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. 111 என்றால் அந்த போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல்லுடன் "பிஎரர்" என்ற சின்னக் கருவி வருகிறது. "பிஎரர் 13" என்று அடித்தால் அர்த்தம் சொல்லும்.

3306 போர்ட்டை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். யார் என்று எப்படிப் பார்ப்பது?

லாக்கில் "பைண்ட் ஆன் டிசிபி/ஐபி போர்ட்: அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று இருந்து, அடுத்த வரியில் 3306-இல் வேறு சர்வர் ஓடுகிறதா என்று அதுவே கேட்டிருந்தால் இதுதான் கதை. லினக்ஸில் "சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி", விண்டோஸில் "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ". பின்னது கடைசி நெடுவரிசையில் பிஐடி எண் தரும்; டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினால் புரோகிராம் தெரியும்.

கல்லூரி லேப் கணினிகளில் பிடிபடும் ஆள் பெரும்பாலும் எக்ஸாம்ப் (அப்பாச்சி, பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் சேர்த்து நிறுவும் தொகுப்பு), அல்லது முந்தைய பேட்ச் மாணவர் போட்டுவிட்டுப் போன இன்னொரு மைஎஸ்கியூஎல். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றை 3307-க்கு மாற்றுங்கள். ஒன்று போதுமென்றால் மற்றதை நிறுத்தி, சர்வீஸ் பட்டியலில் அதன் ஸ்டார்ட்அப் டைப்பை "டிஸேபிள்ட்" ஆக்குங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு ஒரு சித்தப்பா பிள்ளை உண்டு: "கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்". கிளவுட் சர்வரில் வெளியிலிருந்து இணைவதற்காகப் பலர் "பைண்ட்-அட்ரஸ்" வரியில் சர்வரின் பப்ளிக் ஐபியைப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலான கிளவுட்களில் அந்த ஐபி கணினியின் நெட்வொர்க் கார்டில் இருப்பதில்லை. வெளியே உள்ள ரவுட்டர் அதைப் பிரைவேட் ஐபிக்கு மாற்றி அனுப்புகிறது. தன்னிடம் இல்லாத முகவரியில் சர்வர் எப்படிக் கேட்கும்? பிரைவேட் ஐபியைப் போடுங்கள். அல்லது 0.0.0.0 போட்டுவிட்டு, யார் வரலாம் என்பதை ஃபயர்வாலில் கட்டுப்படுத்துங்கள். ஃபயர்வால் இல்லாமல் 0.0.0.0 போடாதீர்கள். திறந்த 3306-ஐத் தேடி இணையத்தில் ரோபோக்கள் ஓயாமல் சுற்றுகின்றன.

டேட்டா ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். ஓனர், பெர்மிஷன் எல்லாம் சரி, ஆனாலும் 13 வருகிறது.

"எல்எஸ் -எல்" சரியாகக் காட்டும், சோன் கட்டளையால் ஓனரை மாற்றியிருப்பீர்கள், கோபத்தில் 777 கூடப் போட்டுப் பார்த்திருப்பீர்கள்; சர்வர் அதே 13-ஐத்தான் சொல்லும். லினக்ஸில் கோப்பு அனுமதிக்கு மேலே இன்னொரு காவல் இருக்கிறது. உபுண்டுவில் அதன் பெயர் ஆப்ஆர்மர், ரெட்ஹாட் வகையில் எஸ்இலினக்ஸ். மைஎஸ்கியூஎல்டி எந்தெந்தப் பாதைகளைத் தொடலாம் என்ற பட்டியல் அவற்றிடம் உண்டு. உங்கள் புதிய ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இல்லை.

உபுண்டுவில் "டிமெசெக்" கொடுத்துப் பார்த்தால் ஆப்ஆர்மர், டினைட், புரொஃபைல் யுஎஸ்ஆர்/எஸ்பின்/மைஎஸ்கியூஎல்டி என்று வரிகள் கிடக்கும். /இடிசி/ஆப்ஆர்மர்.டி/டியூனபிள்ஸ்/ஏலியாஸ் என்ற கோப்பைத் திறந்து, பழைய பாதையிலிருந்து புதிய பாதைக்கு ஒரு "ஏலியாஸ்" வரி சேருங்கள். இரண்டு பாதைகளும் சாய்கோட்டில் முடிய வேண்டும், வரி காற்புள்ளியில் முடிய வேண்டும். அந்தக் காற்புள்ளியை விட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. பிறகு ஆப்ஆர்மரை ரீலோட் செய்து சர்வரைத் தொடங்குங்கள்.

எஸ்இலினக்ஸில் பாதைக்கு "மைஎஸ்கியூஎல்டி_டிபி_டி" என்ற லேபிள் வேண்டும். "செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்" கட்டளையால் அதைப் பதிவு செய்து, "ரீஸ்டோர்கான் -ஆர்வி" ஓட்டினால் கோப்புகளில் ஏறிவிடும். போர்ட்டை மாற்றியிருந்தாலும் இதே காவல் தடுக்கும்; புதிய எண்ணை "மைஎஸ்கியூஎல்டி_போர்ட்_டி" பட்டியலில் சேர்க்க வேண்டும். இணையத்தில் முதலில் கிடைக்கும் பதில் "எஸ்இலினக்ஸை டிஸேபிள் செய்" என்பதாக இருக்கும். இதுதான் காரணமா என்று உறுதி செய்ய "செட்என்ஃபோர்ஸ் 0" போட்டு ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. அப்படியே விட்டுவிடுவது சோம்பேறித்தனம். இரண்டு கட்டளை வேலைக்காகக் காவலையே எடுத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மரியாடிபியில் இன்னொரு கண்ணி உண்டு. டேட்டாவை /ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தால், அதன் சிஸ்டம்டி யூனிட்டில் உள்ள "புரொடெக்ட்ஹோம்=ட்ரூ" அந்த ஃபோல்டரையே சர்வரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். "சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி" கொடுத்து சர்வீஸ் பகுதியில் அதை "ஃபால்ஸ்" ஆக்கலாம். டேட்டாவை /ஹோமுக்கு வெளியே வைப்பது இன்னும் நல்லது.

"அன்நோன் வேரியபிள்" என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பழைய மை.சிஎன்எஃப் என்ற அமைப்புக் கோப்பைப் புதிய சர்வரின் தலையில் வைத்திருக்கிறீர்கள். மிகப் பிரபலமான குற்றவாளி "கொயரி_கேஷ்_சைஸ்". கொயரி கேஷ் மைஎஸ்கியூஎல் 8.0-இல் நீக்கப்பட்டுவிட்டது; மரியாடிபியில் இன்னும் இருக்கிறது. எஸ்கியூஎல் மோடில் "நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர்" இருந்தாலும் 8.0 ஏற்காது. 8.4-க்குப் போனவர்களுக்கு "டிஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளகின்" வரி இடிக்கும்.

8.0.16 முதல் "மைஎஸ்கியூஎல்டி --வேலிடேட்-கான்ஃபிக்" என்று ஒரு வசதி உண்டு. சர்வரைத் தொடங்காமலே அமைப்புக் கோப்பைச் சரிபார்த்துச் சொல்லும். தெரிந்தவர்கள் குறைவு, பயனோ அதிகம்.

"லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ்" தனி ரகம். 8.0 முதல் இதை டேட்டா ஃபோல்டரை முதன்முதலில் உருவாக்கும்போது மட்டுமே அமைக்க முடியும். லினக்ஸில் நிறுவிய பிறகு 1 என்று மாற்றினால், சர்வரின் அமைப்பும் டேட்டா டிக்ஷனரியின் அமைப்பும் வேறு என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். புதிய சர்வர் என்றால் டேட்டா ஃபோல்டரை ஒதுக்கிவிட்டு, இந்த வரியோடு முதலிலிருந்து இனிஷியலைஸ் செய்யுங்கள். டேட்டா இருந்தால் டம்ப் (டேட்டாவை எஸ்கியூஎல் கோப்பாக எழுதிய நகல்) எடுத்துத்தான் மாற்ற முடியும்.

நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு: மாற்றியது எதுவுமே ஏறாது. லினக்ஸில் அமைப்புக் கோப்புக்கு 777 கொடுத்திருந்தால், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கோப்பு என்று மைஎஸ்கியூஎல் அதைப் படிக்காமலே தள்ளிவிடும். ஒரு எச்சரிக்கை வரி மட்டும் எழுதும். 644 போதும்.

அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போட்டேன். அதே பிழை. எப்படி?

அன்இன்ஸ்டால் புரோகிராமைத்தான் எடுக்கிறது. உங்கள் டேட்டாவை அது தொடாது, தொடவும் கூடாது. உபுண்டுவில் "ஆப்ட் ரிமூவ்" செய்தால் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் ஃபோல்டரும் /இடிசி/மைஎஸ்கியூஎல் ஃபோல்டரும் அப்படியே இருக்கும். விண்டோஸிலும் புரோகிராம்டேட்டாவுக்குள் இருப்பது பெரும்பாலும் தங்கிவிடும். பிரச்சினை அந்த இரண்டில் ஒன்றில் இருந்தால், நூறு முறை நிறுவினாலும் புதிய புரோகிராம் பழைய குப்பையின் மேலேதான் வந்து உட்காரும்.

கேட்டுப் பாருங்கள், முன்பு அந்தக் கணினியில் மரியாடிபி இருந்திருக்கும். அல்லது மைஎஸ்கியூஎல்லின் இன்னும் புதிய பதிப்பு இருந்திருக்கும். மரியாடிபி 10 எழுதிய டேட்டா ஃபோல்டரை மைஎஸ்கியூஎல் 8.0-ஆல் திறக்க முடியாது. 8.0 எழுதியதை 5.7 திறக்காது. 8.0-க்குள்ளேயே கூட, 8.0.34 எழுதிய டேட்டாவை 8.0.32 ஏற்க மறுக்கும். மேலே போகும்போதும் படிகளைத் தாண்டக் கூடாது: 5.7-இலிருந்து 8.4-க்கு நேராகப் போக முடியாது, நடுவில் 8.0-இல் ஒருமுறை ஓட வேண்டும்.

உபுண்டுவும் டெபியனும் இப்படிப்பட்ட ஆபத்தான இறக்கத்தைக் கண்டால் /இடிசி/மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் "ஃபுரோஸன்" என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டு சர்வரைத் தொடங்க மறுத்துவிடும். காரணம் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். படிக்காமல் அழிக்காதீர்கள்.

சரி, சுத்தமாக எப்படி ஆரம்பிப்பது? சர்வரை நிறுத்துங்கள். /வார்/லிப்/மைஎஸ்கியூஎல்லை அழிக்காமல் பெயர் மாற்றி வையுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் ஞாபகம் வரும். அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, ஓனரை மைஎஸ்கியூஎல் பயனராக மாற்றி, "மைஎஸ்கியூஎல்டி --இனிஷியலைஸ் --யூசர்=மைஎஸ்கியூஎல்" ஓட்டுங்கள். ரூட்டுக்கான தற்காலிகப் பாஸ்வேர்டு எரர் லாக்கில் விழும். "டேட்டா டைரக்டரி ஹேஸ் ஃபைல்ஸ் இன் இட்" என்று மறுத்தால் ஃபோல்டர் காலியாக இல்லை என்று பொருள். "லாஸ்ட்+ஃபவுண்ட்" என்ற ஃபோல்டர் மட்டும் கிடந்தாலும் அதையும் கணக்கில் எடுங்கள், தனி டிஸ்க்கை நேராக அங்கே மவுன்ட் செய்தவர்களுக்கு அது தென்படும். டிஸ்க்குக்குள் ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி அதை டேட்டா ஃபோல்டராகக் கொடுப்பது சுத்தமான வழி.

/இடிசி/மைஎஸ்கியூஎல்லைக் கையால் அழித்துவிட்டவர்களுக்கு ஒரு செய்தி: மறுபடி நிறுவினாலும் அந்தக் கோப்புகள் திரும்பி வராது. நீங்கள் வேண்டுமென்றே நீக்கியதாக டெபியனின் பேக்கேஜ் முறை எடுத்துக்கொள்ளும். "மைஎஸ்கியூஎல்-காமன்" பேக்கேஜையும் சேர்த்து "பர்ஜ்" செய்துவிட்டு நிறுவினால் வரும். ஆனால் அந்தப் பேக்கேஜை நம்பி வேறு பலவும் இருக்கும். எவை எவை நீக்கப்படும் என்று ஆப்ட் காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அடிக்காதீர்கள்.

சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர்). ஸ்டார்ட் ஆகிறது, சில நொடியில் செத்துவிடுகிறது. லாக்கில் ஒன்றுமே இல்லை.

512 எம்பி மெமரி உள்ள சர்வரா? லாக் எழுதக்கூட அவகாசம் தராமல் கெர்னல் கொன்றிருக்கும். "டிமெசெக்" வெளியீட்டில் "அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்" என்று மைஎஸ்கியூஎல்டியின் பெயரோடு இருக்கும். ஸ்டேட்டஸ் பார்த்தால் சிக்னல் கில் என்றோ ஊம்-கில் என்றோ வரும்.

ஒரு ஜிபி ஸ்வாப் கோப்பு (மெமரி போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) உருவாக்குவதுதான் முதல் மருந்து. ஃபாலோகேட், சிமாட் 600, மேக்ஸ்வாப், ஸ்வாப்ஆன் என்று நான்கு கட்டளைகள். ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க எஃப்எஸ்டேபில் ஒரு வரி. அப்புறம் டேபிள்களைச் சேமிக்கும் என்ஜினான இன்னோடிபியின் பஃபர் பூல் அளவை, இயல்பான 128 எம்பியிலிருந்து 64-க்கு இறக்குங்கள். "பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா=ஆஃப்" போட்டால் 8.0-இல் கணிசமான மெமரி மிஞ்சும். அதே இயந்திரத்தில் அப்பாச்சி, பிஎச்பி, வேர்ட்பிரஸ் எல்லாம் ஓடுகின்றன என்றால், ஒரு ஜிபி மெமரிக்கு மாறிவிடுவதே நிம்மதி.

விண்டோஸில் "சர்வீஸ் ஸ்டார்ட் ஆகி நின்றுவிட்டது" என்கிறது. 1067-உம் வருகிறது.

இந்த இரண்டு செய்திகளும் ஒன்றும் சொல்வதில்லை. புரோகிராம் தானாக வெளியேறிவிட்டது என்பதற்கு மேல் அவற்றில் தகவல் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து "எஸ்சி கியூசி மைஎஸ்கியூஎல்80" என்று அடியுங்கள். சர்வீஸ் எந்த மை.ஐஎன்ஐ கோப்பைப் பயன்படுத்துகிறது என்று காட்டும். அதே கோப்பை "--டிஃபால்ட்ஸ்-ஃபைல்" ஆகக் கொடுத்து, கடைசியில் "--கன்சோல்" சேர்த்து மைஎஸ்கியூஎல்டியை நேராக ஓட்டுங்கள். காரணம் திரையிலேயே வந்து விழும். இரண்டு மை.ஐஎன்ஐ கோப்புகளை வைத்துக்கொண்டு தவறானதைத் திருத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் இங்கேயே விடை கிடைத்துவிடும்.

விண்டோஸுக்கே உரிய காரணங்கள் சில. டேட்டா ஃபோல்டரை டி டிரைவில் "நியூடேட்டா" என்ற ஃபோல்டருக்கு மாற்றி, மை.ஐஎன்ஐயில் விண்டோஸ் வழக்கப்படி பின்சாய்கோடு போட்டு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். பின்சாய்கோட்டை அடுத்து "என்" எழுத்து வந்தால் மைஎஸ்கியூஎல்லுக்கு அது புதிய வரி. "எஸ்" வந்தால் அது ஒரு இடைவெளி, "டி" வந்தால் டேப். பாதை நடுவில் உடைந்துபோகும், அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று சர்வர் சாதிக்கும். முன்சாய்கோடு போடுங்கள், விண்டோஸிலும் அது செல்லும்.

முதல் வரியிலேயே "ஃபவுண்ட் ஆப்ஷன் வித்அவுட் பிரிசீடிங் குரூப்" என்று வந்தால், நோட்பேட் கோப்பின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்த்திருக்கிறது. சேவ் ஆஸ் போய் "ஆன்சி" அல்லது பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். "விசிரன்டைம்140_1.டிஎல்எல்" இல்லை என்றால் மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நிறுவுங்கள். இன்ஸ்டாலர் சர்வீஸை "நெட்வொர்க் சர்வீஸ்" கணக்கில் ஓட்டுகிறது. டேட்டா ஃபோல்டரை மாற்றினால் அந்தக் கணக்குக்கு முழு அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். கணினிக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். கணினிப் பெயரில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால் இன்ஸ்டாலர் டேட்டாபேஸை இனிஷியலைஸ் செய்யும் இடத்தில் தடுமாறுவது தெரிந்த சிக்கல். பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள்.

எக்ஸாம்பில் "மைஎஸ்கியூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி" வருகிறது. ஐபிடேட்டா1 கோப்பை அழிக்கச் சொல்கிறார்கள்.

அழிக்காதீர்கள். உங்கள் டேபிள்களைப் பற்றிய இன்னோடிபியின் கணக்கு அதில்தான் இருக்கிறது. அழித்தால் சர்வர் ஸ்டார்ட் ஆகும். டேபிள்களின் பெயர் பட்டியலில் தெரியும். திறந்தால் "டஸ்ன்ட் எக்ஸிஸ்ட் இன் என்ஜின்" என்று வரும்.

எக்ஸாம்பில் மைஎஸ்கியூஎல் என்ற பெயரில் இருப்பது உண்மையில் மரியாடிபி. ஸ்டாப் பட்டனை அழுத்தாமல் விண்டோஸை மூடுவதால்தான் இது பெரும்பாலும் வருகிறது. முதலில் போர்ட்டைப் பாருங்கள். அது சரியென்றால் எக்ஸாம்பின் மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் போங்கள். "டேட்டா"வை "டேட்டா_ஓல்டு" என்று பெயர் மாற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் "பேக்கப்" ஃபோல்டரைக் காப்பி செய்து அதற்கு "டேட்டா" என்று பெயர் வையுங்கள். பழையதிலிருந்து நீங்கள் உருவாக்கிய டேட்டாபேஸ் ஃபோல்டர்களை மட்டும் இதற்குள் கொண்டுவாருங்கள். மைஎஸ்கியூஎல், பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் ஆகிய மூன்றும் வேண்டாம். கடைசியாகப் பழைய ஐபிடேட்டா1-ஐயும் காப்பி செய்து, புதியதன் மேல் எழுத அனுமதியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் டம்ப் எடுங்கள். நீங்கள் உருவாக்கிய யூசர் கணக்குகள் போயிருக்கும். அவற்றைத் திரும்ப உருவாக்க வேண்டும்.

/வார்/ரன்/மைஎஸ்கியூஎல்டி ஃபோல்டரே இல்லை என்கிறது.

"ரன்" ஃபோல்டர் மெமரியில் இருப்பது. ரீபூட் ஆனால் காலி. சிஸ்டம்டி வழியாகத் தொடங்கினால் உள்ளே வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல்டி_சேஃப் என்ற தொடக்க ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டுபவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை. ஃபோல்டரை உருவாக்கி மைஎஸ்கியூஎல் பயனருக்கு ஓனர்ஷிப் கொடுங்கள்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் 28 வருகிறது.

"டிஎஃப் -எச்" பார்த்திருப்பீர்கள், "டிஎஃப் -ஐ" பாருங்கள். ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்திருக்கலாம். பிஎச்பி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்த சர்வர்களில் இது நடக்கும்.

டாக்கரில் கன்டெய்னர் உடனே வெளியேறிவிடுகிறது.

"டாக்கர் லாக்ஸ்" பாருங்கள். "டேட்டாபேஸ் இஸ் அன்இனிஷியலைஸ்டு" என்றால் மைஎஸ்கியூஎல்_ரூட்_பாஸ்வேர்டு மாறியைக் கொடுக்கவில்லை. அந்த மாறி முதல் தடவை மட்டுமே பயன்படும். வால்யூமில் டேட்டா வந்த பிறகு அதை மாற்றினாலும் பழைய பாஸ்வேர்டுதான். "லேட்டஸ்ட்" டேக் போட்டவர்கள் ஒருநாள் 8.0-இலிருந்து 9-க்குத் தாவியிருப்பார்கள். அந்தத் தாவலைச் சர்வர் அனுமதிக்காது, நடுவில் 8.4 வேண்டும். டேக்கில் எப்போதும் பதிப்பு எண்ணை எழுதுங்கள். "சிபியு டஸ் நாட் சப்போர்ட் எக்ஸ்86-64-வி2" என்றால் உங்கள் பிராசஸர் அந்த இமேஜுக்குப் பழையது, அல்லது விர்ச்சுவல் மெஷினில் பழைய மாதிரி சிபியு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. பின்னது என்றால் சிபியு வகையை "ஹோஸ்ட்" என்று மாற்றினால் போதும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் சிஸ்டம்சிடிஎல் வேலை செய்யவில்லை.

அங்கே சிஸ்டம்டி இயக்கப்படவில்லை. "சூடோ சர்வீஸ் மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட்" போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் பூட் பகுதியில் "சிஸ்டம்டி=ட்ரூ" எழுதி, பவர்ஷெல்லில் "டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்" கொடுத்துத் திரும்பத் திறங்கள்.

இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி போடலாமா?

கெட்டுப்போன டேட்டாவோடும் சர்வரை வலுக்கட்டாயமாகத் தொடங்க வைக்கும் அமைப்பு இது. புதிதாக நிறுவிய காலி சர்வருக்குத் தேவையே இல்லை. டேட்டா ஃபோல்டரைப் புதிதாக உருவாக்குவது எளிது. டேட்டா உள்ள சர்வர் என்றால், ஃபோல்டரை முழுதாக வேறிடத்தில் காப்பி எடுத்த பிறகு 1-இலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். 4-உம் அதற்கு மேலும் டேட்டா கோப்புகளை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். இது டம்ப் எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்கான வழி. அதை வைத்துக்கொண்டு சர்வரை ஓட்டக் கூடாது.

சரிசெய்துவிட்டேன், ஆனால் "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி" என்கிறது.

பல முறை தோற்றதால் சிஸ்டம்டி கதவைச் சாத்தியிருக்கிறது. "சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட் மைஎஸ்கியூஎல்" கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் தானாக எழ "எனேபிள்" செய்யுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. யாரிடமாவது கேட்கும்போது என்னென்ன கொடுக்க வேண்டும்?

ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதன் பதிப்பு. மைஎஸ்கியூஎல்லா மரியாடிபியா, எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது. முன்பு அதே கணினியில் வேறு டேட்டாபேஸ் இருந்ததா. நிறுவிய பின் எந்தக் கோப்பில் எதை மாற்றினீர்கள். லாக்கில் கடைசி முயற்சி தொடங்கிய வரியிலிருந்து "அபார்ட்டிங்" வரை முழுவதும், எழுத்தாக. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் பதில் சொல்பவர் அதிலிருந்து ஒரு வரியைக்கூடக் காப்பி செய்து தேட முடியாது. அனுப்பும் முன் லாக்கிலும் அமைப்புக் கோப்பிலும் பாஸ்வேர்டு ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து நீக்கிவிடுங்கள்; முதல் தொடக்கத்தின் தற்காலிகப் பாஸ்வேர்டு அதே லாக்கில்தான் இருக்கும்.